பன்னிரண்டு கிராம் துரு

காலாப்பட்டு விடுதியின் ஜன்னல் கம்பியில்
சுரண்டியது, பன்னிரண்டு கிராம்.
ஒடிசாத் தாது வர இன்னும் மூன்று வாரம்;
கடல் தருகிற துருவுக்கு ரசீது கிடையாது.

குழாய் உலை. எழுநூறு டிகிரி.
கரிக்குப் பதில் ஹைட்ரஜன்.
செம்பொடி மெல்லச் சாம்பல் நிறமாக,
மறுமுனைக் கண்ணாடியில்
வியர்த்தது போல் ஒரு துளி.
புகை இல்லை. தண்ணீர்.
ஜெசிந்தா அதை விரலில் தொட்டு
நாக்கில் வைக்கப் போனாள்;
தடுத்தேன்.

உலைக்கு மின்சாரம்
நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து.
அந்த வரியை அறிக்கையில்
எந்தப் பத்தியில் வைப்பதென்று
இருவரும் பேசவில்லை.

காலையில் வந்து பார்த்தால்
மூட மறந்த கிண்ணத்தில்
இரும்பின் ஓரம் சிவந்திருக்கிறது.
ஜன்னல் திறந்தே கிடந்தது.
கடலுக்கு எங்கள் முடிவுகள்
இரவே தெரிந்துவிட்டன போலும்.