வடக்கே வெயில்

நனைந்த படிவம்.
முதல் கட்டம், பெயர். இரண்டாவது, கட்டிய ஆண்டு:
வாசலுக்கு மேல் பதித்த கல்லில் 1868,
எட்டின் இரண்டு வயிற்றிலும் பாசி.
மூன்றாவது, திசை.
அங்கே பேனா நின்றுவிட்டது.

சவான் மலைச்சரிவில்
கரும்பு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில்
இந்தச் சின்னக் கோயில்.
கல் உள்ளூர்க் கல்.
கரும்புக்கு இடைஞ்சல் என்று
வயலோரம் குவித்த அதே எரிமலைக் கறுப்பு.
சுண்ணாம்பு, கடலில் வெட்டிச் சுட்ட பவளம்.
வரைபடம் மட்டும்
இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது.

தாளில் ஒரு சூரியன் இருந்திருக்க வேண்டும்.
வரைந்தவனின் சூரியன், தெற்கே தாழ்ந்து போவது.
அதற்கென்றே தெற்கில் அகன்ற ஜன்னல் ஆறு,
குளிருக்குப் பயந்து வடக்கில் மூன்று கீற்று.
வெயில் காய்ந்தபடி காத்திருக்க
முகமண்டபம் தெற்கே.
உடைமாற்றும் அறை வடக்கே,
அங்கே மே மாதத்திலும் மெழுகுவத்தி
படுத்துக்கொள்ளும் என்கிறாள் சாவிக்காரி எவ்லின் அர்னாசெல்லம்.
முகமண்டபத்தில் பூஞ்சை.
தென்கிழக்கு மழை நேரே உள்ளே வரும்.
தன் கல்யாணத்தில் இங்கே நின்றுதான்
முக்காட்டைப் பிழிந்தாளாம்.

கூரை அறுபது பாகைச் சரிவு,
பனி வழுக்கி விழ.
நூற்றைம்பது வருடத்தில் ஏறியவை
மைனாக்கள்,
ஒரு புயலில் யாருடையதோ ஒரு கோழிக்கூண்டு.

உள்ளே கூம்பு வளைவுகளை அளந்தோம்.
தினேஷ் ஏணியில்.
உச்சியில் கல் இல்லை அக்கா, வெறும் இடுக்கு என்றான்.
ஆமாம், அப்படித்தான்.
இரண்டு பக்கமும் விழப் பார்க்கின்றன.
அதனால்தான் நிற்கிறது.

தென்சுவரில் ஒரு சூரியக் கடிகாரம்.
பத்து மாதம் நிழலில் தூங்கும்.
நவம்பர் கடைசியில்
சூரியன் நம் தலையைத் தாண்டித் தெற்கே போகும்போது விழித்து
ஏழு மணிக்கு ஏழே முக்கால் என்று சொல்லும்.
அதற்குள்ளே லண்டனின் சாய்வு.
ஏறஏறத் தவறு தேய்ந்து
உச்சிவேளையில் மட்டும்
பொய் சொல்ல அதற்கு வழியில்லை.

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.
என் கதையும் அதுதான்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
தென்றல் என்றால் இதமான காற்று என்று எழுதி
பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.
இங்கே தெற்கிலிருந்து வருவது
ஜூலையில் சட்டைக்குள் புகும் ஊசி.
வாடை என்றால் நடுக்கம்;
இங்கே வடகாற்று
ஆலையின் பாகு வாசத்தோடு வெதுவெதுப்பாய் வரும்.
நானும் ஒரு தாளோடுதான் இறங்கியிருக்கிறேன்.

கோயிலுக்கு வடக்கே சுற்றிப் போனோம்.
அந்த ஊர் வழக்கப்படி வடபுறம் இருட்டுப் பக்கம்.
ஞானஸ்நானம் இல்லாதவர்கள்,
தாமே உயிரை மாய்த்தவர்கள்,
வெயில் படாத இடத்தில் கிடக்கட்டும் என்று.
காய்ச்சல் வருடத்தில் தோட்டத்திலிருந்து
மாட்டுவண்டியில் வந்தவர்களை
இங்கேதான் இறக்கியிருக்கிறார்கள்.
கல்லில்லை. பெயரில்லை.
புல் மட்டும், வருடம் முழுவதும்.

தென்புலத்தார் என்போம் மூதாதையரை.
என்னுடையவர்கள் யாராவது இதில் இருந்தால்
வடக்கே கிடக்கிறார்கள்,
இந்த வளாகத்திலேயே
அதிக வெயில் விழும் மண்ணில்.
யாரும் கொடுத்ததில்லை அந்த வெயிலை.
கணக்குப் பிழையில் கிடைத்தது.

எவ்லின் அங்கே பீட விரிப்பைக் காயப்போட்டிருந்தாள்,
நான்கு மூலையிலும் கரிய கல் வைத்து.
இங்கேதான் சீக்கிரம் காயும் என்றாள்,
வேறெதுவும் சொல்லவில்லை.

மறுபடி தென்சுவர்.
மழை விட்டு மேகம் கிழிந்தது.
திசை எழுதியாச்சா, என்றான் தினேஷ்,
நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி.
என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஏழு.
சுவரில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

மூன்று நிமிஷம் பொறு, என்றேன்.