இரண்டு விரல்

சைக்கிளில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதே என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
உச்சிப்புளி ரயில்வே கேட்டில்
ஏழாம் வகுப்புப் பையோடு
ஹாண்டில்பாருக்கு மேலே பறந்து போனேன்.
தாடையில் நான்கு தையல்.
சைக்கிளும் பின்னாலேயே வந்து
முதுகில் விழுந்தது,
தான் மட்டும் நிற்க வெட்கப்பட்டது போல.

அன்றிலிருந்து என் வலது கைக்குப் பயம்.
எனக்கில்லை. கைக்கு.

இப்போது ஓட்டுவது நூற்றிருபத்தைந்து சிசி,
செகண்ட்ஹாண்ட்.
டேங்கில் பழைய சொந்தக்காரரின் மகள் பெயர்
பாதி சுரண்டியபடி இருக்கிறது: ...விலாசினி.
பின்னால் ஐஸ்பெட்டி.
பெட்டிக்குள் வேதாளை, மரைக்காயர்பட்டினம், புதுமடம்,
வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்.
பத்து மணிக்குள் ராமநாதபுரம் லேபில் இருக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் காலால் மட்டுமே நின்றேன்.
ஆடு குறுக்கே வரும், மிதிப்பேன்.
பின்சக்கரம் இறுகி
வலையில் விழுந்த சீலா மாதிரி வாலடிக்கும்.
பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்,
மேலதிகாரி தொண்டையைக் கனைப்பது போல.

ஒரு வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்
காலிப் பெட்டியோடு புதுமடம் ரோட்டுக்குப் போனேன்.
தாரில் செங்கல் துண்டால் ஒரு கோடு.
நாற்பதில் வந்து, கோட்டில் பிடித்து,
நின்ற இடம் வரை அடி அளந்தேன்.
கால் மட்டும்: முப்பத்தொன்பது அடி வைத்தேன்.
கை மட்டும், கண்ணை மூடாத குறையாக: இருபத்திரண்டு.
நம்பாமல் மறுபடி. இருபத்தொன்று.

பறக்கவில்லை.
முன் ஃபோர்க் குனிந்தது, பாரம் முழுக்க முன்னால் வந்து
முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது,
சக்கரம் அதைத் தாங்கிக்கொண்டது.
சைக்கிளில் பாரம் என்றால் நான்தான்,
அதுவும் உயரத்தில், நுனியில்.
இங்கே நான் நூற்று எழுபது கிலோவில்
ஒரு பங்குதான்.

ஆனால் பறிக்கக் கூடாது. அழுத்த வேண்டும்.
மெல்ல, பிறகு இன்னும் கொஞ்சம்.
நரம்பு தேடும்போது
முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைப்பேனே
அப்படி.
பதினோரு வருஷமாக இந்தக் கைக்குத் தெரிந்த வேலை.

சாய்வது வேறு கணக்கு.
சைக்கிளில் உடம்பை எறிந்தால் போதும், திரும்பிவிடும்.
இது எறிந்தாலும் கேட்காது.
இடப்பக்கம் போக இடது கைப்பிடியையே முன்னால் தள்ள வேண்டும்.
தலைகீழாக இருக்கிறது, ஆனால் போகிறது.
சைக்கிளிலும் இதைத்தான் செய்திருப்பேன் போல,
தெரியாமல்.
சாய்ந்திருக்கும்போது பிரேக் கேட்காதே.
டயருக்கு ஒரே சம்பளம்.
வளைவுக்குக் கொடுத்துவிட்டால்
நிற்பதற்குக் கடன்தான்.

ஆனி மாதம் கச்சான் காற்று.
கடல் பக்கமிருந்து ராத்திரி முழுக்க நடந்து வந்து
ரோட்டின் வளைவில் படுத்துக் கிடந்தது மணல்,
தாரின் நிறத்துக்கு ஈரமாகி.
சாய்ந்திருந்தேன்.
இரண்டு விரல், மெல்ல, சரியாகத்தான் வைத்தேன்.
முன்சக்கரம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

பின்சக்கரம் வழுக்கினால்
பேச நேரம் தரும்.
முன்சக்கரம் தராது.
விழுந்த பிறகுதான்
விழுகிறேன் என்று தோன்றியது.

முழங்கை, இடது முட்டி, ஒரு கண்ணாடி.
பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு குழாய் உடைந்து
ஐஸ் முழுக்க ரோஸ்மில்க்.
ஒட்டியிருந்த பெயர்: ஜெய்னம்பு, ஏழாம் மாதம்.
ஊரிலேயே நரம்பு கிடைக்காத கை அவளுடையது.

திரும்பிப் போனேன், இருபதில்.
"காலையில குடுத்த ரத்தம் என்னாச்சு?"
"ரோட்டுல கொட்டிருச்சு."
என் முழங்கையைப் பார்த்தாள்.
"எதுல யாரு ரத்தமோ" என்று சிரித்தாள்,
மறு கையை நீட்டினாள்.

இரண்டு விரல் வைத்தேன்.
மெல்ல. இன்னும் கொஞ்சம்.
கை நடுங்கவில்லை.
முட்டிதான் நடுங்கியது,
மேசைக்குக் கீழே, அவளுக்குத் தெரியாமல்.