இரண்டாம் கியர்

பண்ணாரி செக்போஸ்ட். சாயங்காலம் ஏழேகால்.
டார்ச் முகத்தில் விழுந்ததும்
இன்ஜினை அணைத்தேன், உள்விளக்கைப் போட்டேன்,
இரண்டு கையும் ஸ்டியரிங் மேல்.

"ஏனுங்க, சீட்டுக்குப் பின்னால துப்பாக்கி இருக்குதுங்க.
குண்டு போடலைங்க. எலெக்சன்னு
ஸ்டேசன்ல ஒப்படைக்கக் கொண்டு போறனுங்க.
லைசென்ஸ் மேல்பையில. எடுக்கட்டுங்களா?"

பதில் இல்லை.
வெளிச்சம் மட்டும்
என் சட்டைப் பித்தானில் நடுங்கியது.
மீசை கூடாத பையன்.
பெயர்ப்பட்டையில் மயிலானந்தன்.

மக்காச்சோளக் காட்டில் ஒருநாள் கொம்பன் எதிரே நின்றேன்.
அன்றும் இப்படித்தான்,
மூச்சைக்கூடச் சொல்லிவிட்டு விட்டேன்.

"நீங்களே எடுத்துக்கங்க தம்பி."

பைக்குள் வந்த விரல்கள் சில்லென்றிருந்தன.
புரட்டிப் பார்த்தான்.
"போட்டோவுல இன்னும் கொஞ்சம் முடி இருக்குதுங்களே."

தடுப்பு நகர்ந்தது.
ஸ்டியரிங்கை விட்டுக் கை வர மறுத்தது.
ராஜன் நகர் வரைக்கும்
இரண்டாம் கியரிலேயே போனேன்.