கயாவில் விட்டது

கயாவில், ஆலமரத்தடியில்,
பிடித்ததில் ஒன்றை விட்டுவிடச் சொன்னார்கள்.
மரகதவல்லி கோவைக்காயை விட்டாள்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில்
அவள் கோவைக்காய் தின்று நான் பார்த்ததில்லை.
நான் பங்கனப்பள்ளியை விட்டேன்.

விட்டுவிட்டு வந்து இறங்கிய ஊர் புத்தூர்.
மாங்காய் மண்டியில் கணக்கெழுதுகிறவன் நான்.

சித்திரை பாதியிலிருந்து ஆடி பிறக்கும்வரை
லாரி ஏறும் ஒவ்வொரு கூடையும்
என் பேரேட்டைத் தாண்டித்தான் போகும்.
கிளிமூக்கு ஜூஸ் ஃபேக்டரிக்கு,
நீலம் மெட்ராஸுக்கு,
காலேபாடு வேண்டியவர்களுக்கு மட்டும்.
ராத்திரி சோறு பிசைந்தால் விரலிடுக்கில் அந்த வாசனை,
சோப்புக்கும் போகாது.
வாசனையைப் பற்றிப் பிண்டம் வைத்தவர்
ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வருஷம் கஷ்டம்தான்.
அடுத்த வருஷம், முனிரத்தினம் நாயுடு
நறுக்கித் தட்டை நீட்டியபோது சொன்னேன்:
"கயாவில விட்டுட்டேன்."
நாயுடு கத்தியைக் கீழே வைத்தார்.
"மாமிடியா சாமீ!"
மண்டியே திரும்பிப் பார்த்தது.

என்ன தித்திப்பு அது.
நார் கிடையாது, கொட்டை கிடையாது,
பருவம் கூடக் கிடையாது.
சீமந்தப் பந்தியில் இலையைக் கையால் மறைத்து,
சம்பந்தி வீட்டுக் கூடத்தில்,
ரேணிகுண்டா பாசஞ்சரில் எதிர் சீட்டுக்காரரிடம்,
கேட்டவரிடம், கேட்காதவரிடம்,
பதினோரு வருஷம்
சொல்லிச் சொல்லித் தின்றேன்.

இந்த ஆனித் திருமஞ்சனத்துக்கு
எங்கள் தெருக்கோடிப் பெருமாளுக்கு
நாயுடு உபயம், கடைசி வரத்தில் ஒரு கூடை பங்கனப்பள்ளி.
அவர் எதையும் விட்டவரில்லை.
பட்டு, சந்தனம், தயிர்சாதம், இரண்டு தாயார்.
கயாவில் அவர் விட்டது
காலடித் தடம் ஒன்றுதான்.

திரை விலகி, தீபம் காட்டி,
பட்டர் என் உள்ளங்கையில் ஒரு கீற்று வைத்தார்.
வழக்கம்போல் வாய் திறந்தது.

பக்கத்தில் சென்னம்மா.
மண்டிச் சுமைக்காரி.
விடியற்காலையிலிருந்து இதே பழத்தைக்
கூடை கூடையாய்த் தலையில் தூக்கியவள்,
சும்மாடு சுற்றிய துணி இன்னும் தோளில்.
தன் கீற்றை வாங்கினாள், கண்ணில் ஒற்றினாள்,
நின்றபடியே தின்றாள்.
தோலைப் பல்லால் வழித்தாள்.
பிறகு சந்நிதியைப் பார்த்து,
சமைத்துப் போட்ட வீட்டில் சொல்கிற மாதிரி,
"பாகுந்தி" என்றாள்.

திறந்த வாயில்
சொல்ல வந்தது அப்படியே நின்றது.
பட்டர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.
சாறு மணிக்கட்டில் இறங்கி
முழங்கையை நோக்கி வழிந்தது.
நாயுடு தூணோரம் நின்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது.
"தின்னீங்களா, இல்லையா?"
சாதம் போட்டபடி கேட்டாள் மரகதவல்லி.

கோவைக்காய் வறுவல்
நன்றாயிருக்கிறது என்றேன்.