மூன்றாம் மேசை

துமகெட்டே நகராட்சிப் பதிவகத்தில்
பிறப்புக்கு ஒன்றாம் மேசை,
இறப்புக்கு இரண்டாம் மேசை.
மணமுடித்துச் சிரித்துக்கொண்டே வருகிறவர்கள்
மூன்றாம் மேசைக்கு, என்னிடம் வருவார்கள்.
பெயரில் பிழை வந்துவிடக் கூடாதென்று
மூச்சை அடக்கி எழுதுவேன்.
இதுவரை நாலாயிரத்துச் சொச்சம்.
என்னுடையது அதில் இல்லை.

ஹொவென்சியோவும் நானும்
பன்னிரண்டு வருடமாக ஒரே கூரையின்கீழ்.
ஒரு மகள், ஒரு கடன், பாதி குளிரும் ஒரு குளிர்பெட்டி.
மீன்சந்தையில் என்னை அவன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
காகிதத்தில் மட்டும்
நான் இன்னும் என் அம்மாவின் குழந்தை.

அம்மா ஸ்டாக்டனில்,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
யாருடைய அப்பாவையோ புரட்டிப் படுக்கவைத்து
முதுகுக்குப் பவுடர் போடுகிறாள்.
பச்சை அட்டை வந்த வாரமே
எனக்காக விண்ணப்பம் போட்டாள்.
எனக்கு அப்போது இருபத்திரண்டு.
இருபத்தொன்றைத் தாண்டிய பிள்ளைக்கு
வேறு வரிசையாம்.
அதற்கு ஒரு நிபந்தனை:
மணமாகியிருக்கக் கூடாது.
மோதிரம் ஏறிய நிமிடம்
விண்ணப்பம் செத்துப்போகும்.

மாதாமாதம் ஒரு பட்டியல் வரும்,
வரிசை எந்தத் தேதிவரை வந்திருக்கிறதென்று.
என்னுடையது ஒரு செப்டம்பர் பதினேழு.
சில மாதம் மூன்று வாரம் நகரும்.
சில மாதம் அசையாது.
ஒருமுறை இரண்டு வருடம் பின்னால் போய்விட்டது.
அன்று ஹொவென்சியோ ஒன்றும் கேட்கவில்லை,
மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டான்.
முந்தின நாள்தான் விட்டிருந்தான்.

வேறு வழி உண்டா என்று வக்கீலம்மாவிடம் போனோம்.
படிக்கப் போகலாம், பணம் இருந்தால்.
வேலைக்குப் போகலாம், நர்ஸாக இருந்தால்.
சுற்றிப்பார்க்கப் போகலாம்,
திரும்பி வருவாய் என்று அவர்கள் நம்பினால்.
'அம்மா அங்கே இருக்கும்போது யார் நம்புவார்?'
அவளே சிரித்துக்கொண்டாள்.
கட்டணம் இரண்டாயிரம் பெசோ.

போன வருடம் அம்மா தேர்வு எழுதி,
வலது கையை உயர்த்தி, குடிமகள் ஆனாள்.
சின்னக் கொடியொன்றைப் பல் துலக்கும் குவளையில் நட்டு
படம் அனுப்பினாள்.
'இனிமேல் சீக்கிரம்' என்றாள்.
வக்கீலம்மா உதட்டைப் பிதுக்கினாள்.
நம் நாட்டுக்காரர்களுக்கு, இப்போதைய கணக்கில்,
குடிமக்களின் பிள்ளைகள் வரிசை இன்னும் நீளம்.
பழையதிலேயே நிற்கிறேன் என்று கடிதம் கொடுக்கலாம்.
அல்லது, என்று பேனாவை மூடினாள்,
இனி நீ கட்டிக்கொண்டாலும் விண்ணப்பம் சாகாது,
இன்னொரு வரிசைக்குப் போகும், அவ்வளவுதான்.
எவ்வளவு தூரம்?
ஒரு வருடத்தை எழுதி
காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
அந்த வருடம் மாயுமிக்கு
இருபத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு
என் அலுவலகத்திலேயே செய்துகொண்டோம்.
என் திருமணத்தை நானே பதியக் கூடாது.
இரண்டாம் மேசை கொராசோன் வந்து உட்கார்ந்தாள்,
இறந்தவர்களை எழுதிப் பழகிய கை,
என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள்.
திருத்த மனுப் போட வேண்டும்.
ஆறு மாதமாகும், சிலசமயம் எட்டு.
'பரவாயில்லை' என்றேன்.

ஸ்டாக்டனில் இரவு ஒரு மணி.
நடைவழியில் சீருடையோடு நின்று
கைபேசியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா,
எல்லாரும் தூங்குவதால் சத்தமில்லாமல் அழுதபடி.
விழித்திருந்த கிழவர் ஒருவர்
யாருக்குக் கல்யாணம் என்று கேட்டது
இங்கே வரைக்கும் கேட்டது.
'என் குழந்தைக்கு' என்றாள்.
பிறகு எங்கோ மணி அடித்தது.
யாரையோ புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்,
போய்விட்டாள்.