இரண்டாவது புரூப்

கல்வெட்டு அடிக்கிற கடையில்
விமலேந்திரன் அண்ணன் நீட்டிய தாளில்
அம்மா
"இல்லற வானின் அணையா விளக்கு."
அதே விளக்கு
போன மாதம் செட்டிபாளையத்து டீச்சருக்கும் எரிந்தது.
மேசைக் கண்ணாடிக்குக் கீழே
மாதிரிக்கு வைத்திருக்கிறார்.

"பாட்ட மாத்தேலா தங்கச்சி,
பேரும் திகதியும் சரியா எண்டு பாருங்க."

பேர் பிழை.
ரத்தினம் இல்லை, தங்கரெத்தினம்.
ஊர் களுதாவளை, சரி.
தொழில்: இல்லத்தரசி.
வெட்டினேன்.
சீட்டுப் பிடித்தவ என்று போடலாமா அண்ணன்?
அவர் சிரிக்கவில்லை, பேனையை மட்டும்
என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இருபது பேர். மாதம் ஐயாயிரம்.
பத்தாம் திகதி வெயில் ஏறமுன் குலுக்கல்.
கடல் வந்த மார்கழி முடிந்து
தை பத்தில்
முகாமாகிப்போன பள்ளிக்கூடத்து வாங்கில்
பால்மா டின்னுக்குள் துண்டு போட்டுக் குலுக்கினா.
காசில்லாதவர்கள் வந்து பேரைச் சொன்னால் போதும்.
நாலு பேருக்குப்
பேர் சொல்ல ஆளில்லை.
அதையும் எழுதி வைத்தா.

பிள்ளையார் தீர்த்தத்துக்கு வந்த கடன்காரியைக்
கோயில் வீதியிலேயே மறித்தவ.
"சாமியும் கேட்கட்டுமே, என்னகா?"

என்னை அடித்தது இரண்டு தரம்.
இரண்டாவது, நான் செய்யாத பிழைக்கு.
தெரிந்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
இராச்சோற்றில்
பெரிய மீன்தலை என் பீங்கானுக்கு வந்தது,
முள்ளெடுத்து.

"பேரப்பிள்ளை புலம்பல்" பக்கத்துக்கு
டிலக்சனா கம்பஸிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது:

அம்மம்மா லூடோவில களவு விளையாடுவா.
நான் கண்டதை அவவும் கண்டா.
எண்டாலும் காயைத் திருப்பி வைக்கல்ல.

"இது புலம்பலா தங்கச்சி?"
புலம்பல்தான். போடுங்க.

கடைசிப் பக்கம்.
அன்னாரின் பிள்ளைகள்:
என் பேருக்கு மேலே
அமரர் உதயரூபன்.

"தொண்ணூறு எண்டீங்களே.
வழக்கமா அப்படித்தானே போடுற."

அண்ணன் அந்த ஆவணியில்
சவர்க்காரம் வாங்கச் சந்திக்குப் போனவன்.
சைக்கிள் மட்டும்
யாரோ உருட்டி வந்து வேலியில் சாத்தியிருந்தார்கள்.

சீட்டுக் கொப்பிகள் பதினெட்டு.
எல்லாவற்றிலும் இருபதாவது பேர் உதயன்.
மாதக் காசை அவவே கட்டினா.
அவனுடைய துண்டு ஒருநாளும் டின்னுக்குள் விழவில்லை.
கடைசிச் சீட்டு அவனுக்கு,
ஊரில் ஒருத்தரும் ஏனென்று கேட்டதில்லை.
எடுத்த காசு எங்கே போனது என்பது
பின்பக்கத்தில், பென்சிலால்:

மகளின் தாலிக்கொடி. உதயனிட்ட கடன்.
கிணற்றுக்கட்டு. உதயனிட்ட கடன்.
பேத்தியின் லெப்டொப். உதயனிட்ட கடன்.

நான் அறியவில்லை.
என் கழுத்தில் கிடப்பது
அண்ணன் போட்டது.

மரணச் சான்றிதழும் நட்டஈடும் தருவோமென்று
பிரதேச செயலகத்திலிருந்து வந்த பிள்ளைக்கு
பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு
அம்மா கேட்டது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை:
"கடன் குடுத்தவன் செத்துப்போனான் எண்டு
கையெழுத்து வெச்சா,
மறுகா நான் கணக்க ஆரிட்ட முடிக்கிற மகள்?"

அமரரை வெட்டினேன்.
விமலேந்திரன் அண்ணன்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அந்த இடம் வெறுமையாக் கிடக்குமே, தங்கச்சி.
பேரை இங்கால இழுத்து விடவா?"

விடுங்க என்றேன்.
எதை விடச் சொன்னேன் என்று
அவர் திரும்பக் கேட்கவில்லை.

கல்முனை பஸ்ஸில் யன்னலோரம்.
கல்லடிப் பாலம் தாண்டுகையில்
கொப்பியை மடியில் விரித்தேன்.
வருகிற பத்தாம் திகதி
டின்னை நான்தான் குலுக்க வேண்டும்.
எடுக்காமல் இருப்பது ஏழு பேர்.
ஆறு துண்டு வெட்ட வேண்டும்.