நீட்டிப்பு

இரண்டு வருட நீட்டிப்புப் படிவத்தைக்
கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு
குடிகாடு நிறுத்தத்தில் நிற்கிறேன்.
"உங்க மூக்குக்கே தனிச் சம்பளம் தரலாம் மேடம்"
என்றார் பொது மேலாளர்.

பழைய பேச்சு அது.
தொண்ணூற்றாறில் மூன்றாம் தொட்டியின் கசிவை
கருவி கத்துவதற்கு முன்னால் சொன்னேன்.
அன்றிலிருந்து ஆய்வகத்தின் மூக்கு நான்தான்.
நாலு வருடமாக அது
வெறும் மூக்குத்தி மாட்டுகிற இடம் என்பது
அவருக்குத் தெரியாது.
இப்போது கருவிகள் நல்ல கருவிகள்.
யாரும் என்னைச் சோதிப்பதில்லை.

ஒரே நாளில் போகவில்லை.
முதலில் காபி போனது.
அப்புறம் ஒரு ஞாயிறு
அடுப்பில் பால் தீய்ந்து கரியாக,
பக்கத்திலேயே நின்று
மாத அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
தணிகாசலம் ஓடிவந்து அணைத்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாளிலிருந்து பாலை அவரே காய்ச்சினார்.

பிறந்தபோது மகளின் உச்சந்தலையில்
ஒரு வாசம் இருந்ததாம்.
எல்லோரும் சொன்னார்கள்.
எண்பத்தைந்தாம் நாள்
காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனேன்;
திரும்பி வந்து தூக்கினால்
என் விரல்களின் அசிட்டோன்தான் முந்தும்.
போன மாதம் அவள் குழந்தையின் தலையில்
முகம் புதைத்தேன்.
வெதுவெதுப்பு மட்டும் இருந்தது.

மஞ்சக்குப்பத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு
முதுநகரிலேயே இறங்கினேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
"புது நெத்திலிம்மா, மோந்து பாரு"
கருவாட்டுக்காரி உள்ளங்கையை நீட்டினாள்.
மோந்தேன்.
முப்பது வருடப் பழக்கத்தில்
தேறியது என்பதுபோல் தலையாட்டினேன்.
அவள் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததை
படிவத்தின் மேலேயே திணித்தேன்.

"தெருமுனையிலயே வந்துடுச்சு" என்று
சிரித்தபடி கதவைத் திறந்தார்.
"எப்படி இருக்கு?"
"என்ன எப்படி?"
"வாசம். சொல்லுங்க."
நில அளவைத் துறையில் இருந்தவர்.
சங்கிலி போட்டு அளக்க முடியாததைச் சொல்லி
அவருக்குப் பழக்கமில்லை.
வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.
"உப்பனாறு வத்தினா வருமே, அது மாதிரி.
அதுல கொஞ்சம் வெயில்."
"இன்னும்?"
"இரு, வறுத்துட்டுச் சொல்றேன்."

அன்றிரவு அந்தப் பையை நான் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை,
படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து
முகத்தைத் திருப்பிக்கொண்டார் பொது மேலாளர்.
"கையெழுத்தே காணோம் மேடம்.
அப்புறம் இது என்ன, இப்படி ஒரு நாத்தம்?"

"உப்பனாறு வத்தினா வருமாம் சார்" என்றேன்.
"அதுல கொஞ்சம் வெயிலாம்."